கொம்பனி சைஸ்

ஒரு கோடைகாலம் முழுவதும் எங்கள் வீட்டு விறாந்தையில், செருப்புத் தட்டுக்கும் அப்பாவின் சாய்மனைக் கதிரைக்கும் நடுவில், ஒரு காரின் எஞ்சின் கிடந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். தபால்காரர் ஒருநாள் அதன்மேல் தாளை வைத்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். அம்மா முதலில் அதைப் பார்த்துத் திட்டினார். பிறகு எண்ணெய்ப் பிசுக்குத் தெரியாமல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தினார். கடைசியில் அந்தச் சேலையின்மேல் மிளகாய்ச் சுளகை வைக்கத் தொடங்கினார்.

இப்போது நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அளவெடுப்பதற்கென்று தனி அறை இருக்கிறது. குளிரூட்டி இரவு பகலாக ஓடும். வெறுங்கையால் எதையும் தொடக்கூடாது. பிடித்த வேலைதான். ஆனாலும் உள்விட்டமானியைக் கையில் எடுக்கும் நாட்களில் அந்த விறாந்தை நினைவுக்கு வந்துவிடுகிறது: மிளகாய் நெடி, ரோச் லைற்றைப் பிடித்தபடி குந்தியிருக்கும் அப்பா, குசினிக்குள் இருந்துகொண்டே அப்பாவின் கதைகளைத் திருத்தும் அம்மா.

நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. தொழிற்சாலையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படித்தது இயந்திரப் பொறியியல். என் வேலை, செய்துவரும் பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. உடுவிலில் எனக்கு அளப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வந்த மறுநாளே வீட்டில் திருத்தவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். பின் யன்னல் கொளுக்கி, கிணற்று மோட்டர், அம்மாவின் தையல் மெசின். கார் அந்தத் தாளில் இருக்கவில்லை. பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குள் சாக்கும் தென்னோலையும் போர்த்துக் கிடந்த அந்தக் காரை, கொட்டிலின் ஒரு பகுதி என்றுதான் சிறு வயதிலிருந்தே நான் நினைத்திருந்தேன். கோழிகள் அதற்குள் முட்டையிடும்.

அது பெரியப்பாவின் கார். அப்பாவுக்கு ஒரே அண்ணன், கனடாவில் இருக்கிறார். ஒருநாள் காலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்த அப்பா, போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை திருவிழாவுக்கு வாறாராம்."

"நல்லதுதானே," என்றார் அம்மா. மா அரித்துக்கொண்டிருந்தார்.

"வந்து காரிலை கீரிமலைக்குப் போகவேணுமாம். ரெண்டு பேருமா."

அரிதட்டு நின்றது. "அப்ப வடிவா மாட்டுப்பட்டியள்."

எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் சொன்னார். அப்பா இடையிடையே "அப்பிடியில்லை" என்றாரே தவிர, எப்படி என்று சொல்லவில்லை.

பெரியப்பா இளைஞராக இருந்தபோது மலைநாட்டில் ஒரு தோட்டத்து வைத்தியரிடமிருந்து வாங்கிய கார் அது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இரண்டு ஆசனம், கூரைக்குப் பதிலாக மடிக்கிற கன்வஸ். ஊரில் மற்றவர்கள் பிள்ளை குட்டிகளையும் வெங்காயச் சாக்கையும் ஏற்றிக்கொண்டு போகும் கார்களை வைத்திருந்த காலத்தில், பெரியப்பா காற்றில் தலைமயிர் பறக்க இதில் போனார். கனடாவுக்குப் போகும்போது திறப்பை அப்பாவின் கையில் கொடுத்தார். எஞ்சின் கொம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஒருவரையும் கைவைக்க விடவில்லை, நீயும் விடாதே, வெள்ளிக்கிழமைகளில் ஒருதரம் ஸ்ராட் பண்ணு என்றார். அவ்வளவுதான் கேட்டார். தகப்பன் சிறுவயதிலேயே இறந்துபோன வீட்டில், அப்பாவைப் படிப்பித்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டது பெரியப்பாதான்.

பிறகு வடக்குக்குப் பெற்றோல் வராத ஆண்டுகள் வந்தன. எல்லோரும் செய்ததை அப்பாவும் செய்தார். ஆஸ்பத்திரியில் எறிகிற சேலைன் போத்தல் ஒன்றைக் குழாயோடு எடுத்துவந்து, அதில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து ஸ்ராட் பண்ணுவது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அப்படிச் சில வருடங்கள் ஓடிய கார், இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு ஒருநாள் நின்றது. அதற்குப் பிறகு ஓடவேயில்லை.

"இவர் அண்ணைக்குச் சொல்லேல்லை," என்றார் அம்மா. "ஒவ்வொரு கிழமையும் ஸ்ராட் பண்ணுறன் எண்டுதான் சொன்னவர். அவர் ஒருக்காச் சத்தத்தைக் கேப்பம் எண்டு கேட்டார். இவர் என்ன செய்தவர் தெரியுமோ? தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினை இழுத்து ஸ்ராட் பண்ணிப்போட்டு, போனைக் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்திலை பிடிச்சவர்."

"ஒருக்கா இல்லை. கொஞ்சத் தரம்," என்றார் அப்பா. நேர்மையான மனிதர்.

"நாலிலை மூண்டு சிலிண்டர்தான் வேலைசெய்யுது போலை கிடக்கு, பிளக்கைப் பார் எண்டு அண்ணை சொன்னார். அந்த மெசினுக்கு இருக்கிறதே ஒரு சிலிண்டர். இவர் விடிய எழும்பிப் போய் அதின்ரை பிளக்கை மாத்தினவர்."

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "அவர் என்னை நம்பித் தந்தது அது ஒண்டுதான் பிள்ளை," என்றார். "தம்பி பொய் சொல்லமாட்டான் எண்டு அங்கை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

அந்தக் குரலைக் கேட்டபிறகு நான் குசினிக் கதவுத் தாளில் கடைசி வரியாகக் 'கார்' என்று எழுதினேன்.

எஞ்சினைக் கழற்ற அச்சுவேலியிலிருந்து ஒரு அண்ணை சைக்கிளில் வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். அப்பா வேலையில் இருந்த காலத்துப் பழக்கம். பெரிய குரல், பெரிய நம்பிக்கை. பலாமரக் கிளையில் சங்கிலியைக் கட்டி, கோழிகளை விரட்டி, எஞ்சினைத் தூக்கி, பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வைத்து முன்வாசலுக்குக் கொண்டுவந்தோம். விறாந்தைதான் வெளிச்சமான இடம், சீமெந்து நிலம், மழை படாது என்று மூன்று காரணங்கள் சொன்னேன். அம்மா ஒன்றையும் ஏற்கவில்லை. ஆனால் செருப்புத் தட்டை நகர்த்தி வைத்தார்.

மேல்மூடியைக் கழற்றியதும் விரலை முதலாவது சிலிண்டருக்குள் விட்டுத் தடவினேன். தேயாத சிலிண்டரில் விரல் மேலிருந்து அடிவரை ஒரே வழுக்காகப் போகும். தேய்ந்ததில், மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் ஒரு படியில் இடறும். பிஸ்ரனின் றிங்குகள் அந்த விளிம்புவரை போவதில்லை. அதனால் அங்கே உலோகம் பழையபடி இருக்க, அதற்குக் கீழே சுவர் கரைந்துபோயிருக்கும். எங்களுடைய படியில் நகம் நன்றாகவே இடறியது. அப்பாவின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"மண்ணெண்ணெயோ?"

"ஓமப்பா. அது முழுக்க எரியாது. எரியாதது சுவர் வழியா இறங்கி ஒயிலைக் கழுவிப்போடும். பேந்து இரும்பும் இரும்பும் உரஞ்சும்."

ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று, குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தேன். நான் அளவைச் சொல்ல, அப்பா மருந்துச் சீட்டு எழுதிய அதே சின்ன எழுத்தில் எழுதினார். அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கவேண்டிய வேலை. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் அப்பாவிடம் ஒரு பயணம் இருந்தது. தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமாது பக்கத்தில் இருக்க, வயல் வரம்பு வரை போனது. பிரசவ வலியோடு வந்த ஒருத்தியை ஏற்றிவிட்டு, அவளுடைய புருஷனைப் பின் மூடியின்மேல் இருத்தியது. கோப்பாய்ச் சந்தியில் புகை தாங்காமல் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தாமல் போகச் சொன்னது.

"சங்கானையிலை என்ரை அக்காவின்ரை கலியாணத்துக்குப் போனதையும் எழுதுங்கோ," என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "என்ரை பட்டுச் சேலை கறுத்தது."

"அது மூண்டாவது சிலிண்டர்," என்றார் அப்பா.

அப்படி நாங்கள் இருந்த அந்தக் காலைவேளைகளை இப்போது நினைக்கும்போது, அளவுகள் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை.

பிஸ்ரன்களை வெளியே எடுத்தபின் அவற்றின் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். வழக்கமாக அங்கே அளவு பொறித்திருப்பார்கள். கொம்பனியிலிருந்து வந்தபடி இருந்தால் அங்கே எதுவும் இருக்காது, அல்லது ஒரு எழுத்து இருக்கும். கரிக்கு அடியிலிருந்து வந்தது அறுபது என்ற இலக்கம். மற்ற மூன்றையும் சுரண்டினேன். நாலிலும் அறுபது.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கிப் பெரிய பிஸ்ரன் போடுவது வழமை. அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, பிறகு நாற்பது, கடைசியாக அறுபது. அதற்கு மேல் சுவர் தாங்காது. இந்த எஞ்சினை யாரோ ஏற்கனவே கடைசி அளவுவரை கடைந்துவிட்டார்கள். அப்பா அதை ஒருநாளும் திறக்கவில்லை. அவர் கைக்கு அது வந்தது பெரியப்பாவிடமிருந்து.

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிஸ்ரனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொம்பனியிலையே இப்பிடிப் போட்டு விடுவாங்களோ?"

"இல்லையப்பா."

"தோட்டத்து டொக்டர் செய்திருப்பாரோ?"

"அப்பிடியெண்டாலும் பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். மேல்மூடிக்குக் கீழை கிடந்த இந்தக் கஸ்கட் தகட்டிலை கடைச் சீல் கிடக்கு பாருங்கோ, யாழ்ப்பாணம் எண்டு."

அம்மா கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப உங்கடை அண்ணையும் உங்களை மாதிரித்தான்."

"சும்மா இரும்."

அவர் பிஸ்ரனைச் சாரத்து நுனியால் துடைத்தார். நன்றாகத் துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவர் வந்தா இதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. ரெண்டு பேருக்கும்தான் சொல்லுறன்," என்றார். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. அத்தனை வருடம் இவர் தண்ணீர் மெசினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டிருக்கிறார். அந்த வெட்கத்தில் பாதியையாவது இப்போது இறக்கி வைக்கலாம். அப்பா அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை.

அச்சுவேலிப் பட்டறையில் எஞ்சினின் உடலை மேசையில் வைத்து, அண்ணை சிலிண்டருக்குள் லைற்றைப் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. இன்னும் கடைவது, வேறு எஞ்சின் தேடுவது, உள்ளே புதிதாக இரும்புக் குழாய் இறக்கி, அதாவது லைனர் அடித்து, அந்தக் குழாயை வேண்டிய அளவுக்குக் கடைவது. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணை தலையாட்டினார்.

"இன்னும் ஒருக்காக் கடைஞ்சமெண்டால் சுவர் ஓட்டையாகித் தண்ணி உள்ளை வரும் தங்கச்சி. பேந்து கொப்பர் இதுக்குள்ளை மீன் வளக்கலாம்."

"வேறை எஞ்சின்?"

"லண்டனிலை கிடக்கும். நடந்து போய் எடுத்துக்கொண்டு வாரும்." லைற்றை அணைத்தார். "லைனர்தான். என்ன சைசிலை கடையிறது?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார். "கொம்பனி சைஸ்."

"அதுக்கு பிஸ்ரன் வேணுமே ஐயா."

"பிள்ளை கொழும்பிலை தேடுவாள்."

"அது நல்லது. கொம்பனி சைசிலை விட்டமெண்டால், இதை ஒருக்காக் கடைஞ்சதெண்டு பேந்து ஒருத்தனும் கண்டுபிடிக்கேலாது."

"அதுதான் வேணும்," என்றார் அப்பா.

எஞ்சினைக் கழற்றத் தொடங்கியபோது அவருக்கு மறைக்கவேண்டியிருந்தது தன்னுடைய மண்ணெண்ணெயை. இப்போது பெரியப்பாவின் அறுபதையும் சேர்த்து மறைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்ரன்கள் கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையின் மேல்தட்டில், அழுக்கேறிய பெட்டியில் கிடைத்தன. பஸ்ஸில் வந்து சேர்ந்தன. லைனர்களை அண்ணை கடைந்து வைத்திருந்தார். அவை துளையைவிட மயிரளவு பெரியவை. அப்போதுதான் இறுகிப் பிடிக்கும். இறக்குவதற்கு லைனரைக் குளிரவைத்துச் சுருக்கவேண்டும், எஞ்சினைச் சூடாக்கி விரிக்கவேண்டும். நான் படித்த இடத்தில் இதற்குத் திரவ நைதரசன் இருந்தது. அண்ணையிடம் சந்தைக்குப் பக்கத்தில் கூல்பார் வைத்திருந்த மச்சான் இருந்தார்.

கறன்ட் வெட்டு நேரம் முடிந்து, கூல்பாரின் பெட்டி நன்றாக உறைந்தபிறகுதான் வேலை தொடங்கலாம். லைனர்கள் நாலும் ஐஸ்கிறீம் வாளிகளுக்கு நடுவில் ஒரு பகல் கிடந்தன. பட்டறையில் வெட்டிய பீப்பாவில் தண்ணீர் விட்டு, பனை மட்டை எரித்து, அதற்குள் எஞ்சினை அவித்தோம். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அண்ணை சங்கிலியால் அதைத் தூக்கினார். நான் காற்றடித்து ஈரத்தை விரட்டினேன். மச்சான் லைனர்கள் இருந்த றெஜிபோம் குளிர்ப் பெட்டியை அணைத்துக்கொண்டு றோட்டைக் கடந்து ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையோடு வந்தார்கள்.

முதலாவது லைனர் தன் பாரத்திலேயே இறங்கி, அடியில் விட்டிருந்த படியில் 'டொக்' என்று இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை எடுத்தபோது அதன் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது.

"என்னடாப்பா இது?"

"சர்பத். மூடி கழண்டுபோச்சுது மச்சான்."

"நான் எஞ்சின் செய்யிறன், நீ பலூடா போடுறாய். துடை கெதியா."

அதைத் துடைப்பதற்குள் லைனர் சூடேறத் தொடங்கிவிட்டது. பாதியில் நின்றது. அண்ணை பகிடியை நிறுத்தினார். மரக்கட்டையை மேலே வைத்து, கை அழுத்தியால் மெல்ல மெல்ல அமத்தினார். சுவர் வெடித்தால் அந்த எஞ்சினுக்கு வேறு வழியில்லை. அப்பா பட்டறை வாசலில் திரும்பி நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சத்தம் கேட்டது. கோப்பையோடு நின்றவர்களில் ஒருவர், "இறங்கிட்டுது ஐயா, திரும்புங்கோ," என்றார்.

கடைந்து, கடைசியாகச் சாணைக்கல்லால் உரஞ்சி முடித்தபின், உட்சுவரில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பாய்ப்பின்னல் போலத் தெரிந்தன. ஒயில் அந்தக் கோடுகளுக்குள்தான் தங்கும். எஞ்சின் திரும்ப விறாந்தைக்கு வந்தது. மறுநாள் காலை நான் கொழும்பில் இருந்த நண்பியுடன் போனில் பேசிவிட்டு வெளியே வந்தபோது, அப்பா நாலு சிலிண்டரையும் கழுவி முடித்து, தன் வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் மணந்தது.

"என்னத்தாலை கழுவினியள்?"

"மண்ணெண்ணெயாலைதான்." பெருமையாக இருந்தார். "கிடந்ததெல்லாம் விட்டுட்டன்."

அந்த மாதம் மண்ணெண்ணெய்க்கு அப்பா கூப்பனோடு இரண்டு காலை வரிசையில் நின்றிருந்தார். அம்மா அதை விளக்குக்கென்று ஒளித்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் இரும்பில் எது ஒட்டினாலும், சைக்கிள் செயினானாலும் கதவுப் பிணைச்சலானாலும், மண்ணெண்ணெய்தான். பட்டறை அண்ணையும் அதைத்தான் சொல்லிவிட்டிருந்தார். ஆனால் சாணைக்கல்லிலிருந்து உதிரும் பொடி அதில் கரையாது. மிதந்து, கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் இருந்துவிடும். அப்படியே பூட்டினால் புது றிங்கையும் புதுச் சுவரையும் அந்தப் பொடி சில நாட்களில் தின்று முடித்துவிடும். ஒரு வெள்ளைத் துணியில் ஒயிலைத் தொட்டுச் சுவரில் தேய்த்துக் காட்டினேன். துணி சாம்பல் நிறமாக வந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "திரும்பவும் மண்ணெண்ணெயாலை," என்று மட்டும் சொன்னார்.

"கெட்டுப்போகேல்லையப்பா. சவர்க்காரமும் சுடுதண்ணியும் போதும்."

அதைக் கேட்டு அம்மா வந்தார். துணியை வாங்கிப் பார்த்தார். "இதுக்கே இவ்வளவு கதை? சட்டி கழுவத் தெரியாத ரெண்டு பேர்," என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார். போத்தல் கழுவுகிற தூரிகை, பார் சவர்க்காரம், கிடாரத்தில் கொதித்த தண்ணீர். ஒவ்வொரு சிலிண்டராகத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி, துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்தார். துணி வெள்ளையாகவே வந்தபோது நான் உடனே ஒயில் பூசினேன். பிந்தினால் கண்முன்னே துரு ஏறிவிடும். "என்ரை விளக்கு மண்ணெண்ணெயை ஊத்தினதுக்கு ஆரும் பதில் சொல்லவேணும்," என்று சொல்லிக்கொண்டே அம்மா எழும்பிப் போனார்.

எஞ்சினைப் பூட்டி, காரில் இறக்கி, அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த பெற்றோலில் சேர்த்து வைத்ததை ஊற்றி ஸ்ராட் பண்ணியபோது, அது கொஞ்சம் இருமிவிட்டு ஓடியது. நாலு சிலிண்டரும். பெரியப்பா வர இன்னும் சில நாட்கள் இருந்தன. இனி அவருக்கு எதுவும் தெரியவரப் போவதில்லை. நான் ஓட்டவேண்டிய முறையை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்: முதலில் வேகமாகப் போகக்கூடாது, நின்ற நிலையில் நெடுநேரம் ஓடவிடக்கூடாது, ஒரே வேகத்தில் இழுக்கக்கூடாது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியப்பா வந்தார். உயரமான மனிதர், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே கொட்டிலுக்கு நடந்தார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவர் முன்மூடியின்மேல் கையை வைத்தார்.

"கொம்பனி எஞ்சின்," என்று என்னிடம் சொன்னார். "ஒருத்தரும் கைவைக்கேல்லை. என்ன தம்பி?"

ஓம் என்று ஒரு சொல் போதும். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நான் கைவைச்சனான் அண்ணை," என்றார் அப்பா. "மண்ணெண்ணெயிலை ஓடினனான். சிலிண்டரெல்லாம் தேய்ஞ்சு போச்சு. பேந்து கனகாலம் ஓடாமக் கிடந்தது. ஸ்ராட் பண்ணுறன் எண்டு உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய். இப்ப பிள்ளைதான் திருத்தினவள்."

பெரியப்பா கையை எடுக்கவில்லை. கோழி ஒன்று ரயருக்கு அடியில் கிளறிக்கொண்டிருந்தது.

"மண்ணெண்ணெயிலை எவ்வளவு தூரம் ஓடினனி?"

"கொடிகாமம் மட்டும். இடம்பெயரேக்கை. இவளையும் கொண்டு. பிள்ளை வயித்திலை."

"நாலு கோழியும்," என்றார் அம்மா.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "அப்ப நல்லாத்தான் ஓடியிருக்கு," என்றார்.

முன்மூடியைத் திறந்து குனிந்தார். எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர் என்பது அவருடைய கண் போன இடங்களிலேயே தெரிந்தது. "என்ன சைசிலை கடைஞ்சனி பிள்ளை?"

"லைனர் அடிச்சுக் கொம்பனி சைசுக்குக் கொண்டந்தனாங்கள் பெரியப்பா."

"லைனரோ," என்றார். லைனர் எப்போது அடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். குனிந்தபடியே இருந்தார். "ஏன், கடையேலாமல் கிடந்ததோ?"

அப்பா முந்திக்கொண்டு சொன்னார்: "லைனர் எண்டால் கனகாலம் உழைக்குமெண்டு நான்தான் சொன்னனான் அண்ணை."

பெரியப்பா நிமிர்ந்து மூடியைச் சாத்தினார். நீட்டப்பட்ட திறப்பை வாங்கவில்லை. சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்தார். "இந்தப் பக்கம் நான் ஒருநாளும் இருந்ததில்லை. நீ ஓடு," என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் வரவில்லை. சோறு ஆறிப்போனபிறகு அப்பா போன் எடுத்தார். பெற்றோல் முடிந்துவிட்டதாம். நான் மிச்சமிருந்த கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். மல்லாகத்துக்கு அங்காலே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், கார் வேலியோரமாக நின்றது. இருவரும் மதகில் எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார்கள். சட்டைகள் கதவில் காய்ந்துகொண்டிருந்தன, கீரிமலைக் கேணியில் குளித்திருக்கிறார்கள்.

"பலாலி றோட்டிலை ஒருத்தனோடை ஓட்டம் விட்டனான்," என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி இல்லாததைப் பாக்கேல்லை. எஞ்சின் இறுகிப்போச்சுது. ரெண்டாந்தரம் கடைஞ்சது அதுக்குத்தான். உனக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. நீ அப்ப என்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனி."

"எனக்குத் தெரியும்."

"என்னண்டு?"

"பிஸ்ரனிலை கிடந்தது."

"பேந்தேன் காலமை சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றார் அப்பா.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெரியப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் உருட்டிவந்த சைக்கிளை நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். சைக்கிள் சத்தத்தில் இருவரும் திரும்பிப் பார்த்து எழும்பினார்கள்.

நான் பெற்றோலை ஊற்றியபடி கேட்டேன். "எவ்வளவு வேகத்திலை போனனீங்கள்?"

"கொப்பர்தான் அமத்தினவர்."

"அண்ணைதான் அமத்தச் சொன்னவர். நான் உம்முடைய தாளைக் காட்டினனான்."

"அதை நான் வாசிக்கேல்லை. கண்ணாடி கொண்டரேல்லை."

முதல் ஒயில் மாற்றத்தை முன்னுக்கு எடுக்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். இந்த முறை பெரியப்பா வலப்பக்கம் ஏறினார். நான் சைக்கிளில் பின்னால் போனேன், புகை வருகிறதா என்று பார்ப்பதற்காக. நீலப் புகை வந்தால் றிங் சரியாகப் படியவில்லை. குழாயின் வாயில் ஒன்றும் இல்லை. அதற்கு மேலே வெயிலில் காற்று மட்டும் நெளிந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் பார்த்தால் நிச்சயமாகச் சொல்லலாம் என்று வேகமாக மிதித்தேன். அவர்கள் எனக்காக வேகத்தைக் குறைக்கவில்லை.